ரைஸா, ரெய்ஸா? ஒரு லாக் புத்தகத்திலிருந்து ஆங்கில வினைச்சொற்கள்

1995ஆம் ஆண்டு. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட். சர்க்யூட் பலகைகளில் ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கும் ஓவனுக்கு நான்தான் பொறுப்பு. விடியற்காலை மூன்றேகால் மணிக்கு ஓவனின் வெப்பம் தானாக எட்டு டிகிரி ஏறிவிட்டது. பலகைகள் கருகுவதற்குள் லைனை நிறுத்தி, டெக்னீஷியனைக் கூப்பிட்டு, சென்சரை மாற்றி ஓடவிட்டோம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன்: "டெம்பரேச்சர் வாஸ் ரெய்ஸ்ட் அட் 3.15." கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து, பட்டர்வொர்த் வந்து படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் போனால் எஞ்சினியர் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஹூ ரெய்ஸ்ட் இட்?" என்று கேட்டார். யாருமில்லை சார் என்றேன். யாருமில்லை என்றால் 'ரெய்ஸ்ட்' என்று ஏன் எழுதினாய் என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அன்று என்னோடு நின்ற நண்பனையும் கூப்பிட்டார்கள். செட்டிங்கை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று மூன்று நாள் விசாரணை. கழற்றிப் போட்ட சென்சரைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். நான் எழுதியிருக்க வேண்டியது 'ரோஸ்'. வெப்பம் உயர்ந்தது. நான் எழுதியது வெப்பம் உயர்த்தப்பட்டது. நண்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கேட்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். லோரி ஓட்டும் தம்பி ஒருவர், கிளினிக்கில் வேலை தேடும் எதிர்வீட்டுப் பெண், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப்போகும் என் அக்கா மகள், இன்னும் இரண்டு பேர். இலக்கணப் புத்தகம் கிடையாது. லாக் புத்தகம்தான். ஆளுக்கு ஒரு நோட்டு. தினமும் வீட்டில் நடந்ததை ஷிப்ட் ரிப்போர்ட் மாதிரி ஐந்து வரி எழுதி வர வேண்டும். எழுதி வருவதில் பாதிப் பிழை வினைச்சொல்லில்தான் இருக்கும். அதுவும் எப்போதும் அதே இருபது முப்பது சொற்கள்.

அவற்றை எப்படிப் பிரித்துப் பிடிப்பது என்று இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில்தான் போடுகிறேன். அதனால் எழுவதும் சோறும் ஒரே 'ரைஸ்' ஆகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

குழப்பம் வந்ததும் எல்லோரும் ஃபோனில் அகராதியைத் திறக்கிறார்கள். 'ரெய்ஸ்' என்று போட்டால் உயர்வு, ஏற்றம் என்று வருகிறது. 'ரைஸ்' போட்டாலும் கிட்டத்தட்ட அதுதான். அகராதி மேல் தப்பில்லை. தனிச் சொல்லைக் கேட்டால் அது தனிச் சொல்லைத்தான் சொல்லும். நீங்கள் முழு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். விலை உயர்ந்தது. கடைக்காரர் விலையை உயர்த்தினார். நாம் பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். உயர்ந்தது ரைஸ். உயர்த்தினார் ரெய்ஸ். 'விலையை' என்று ஓர் 'ஐ' வந்து உட்கார்ந்தால், பின்னால் அதைச் செய்த ஆள் ஒருவர் இருக்கிறார், அப்போது ரெய்ஸ். ஐ இல்லையென்றால் ரைஸ். எனக்கு இதை 1995இல் யாராவது சொல்லியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

இறந்தகாலம் கொஞ்சம் கவனம். ரைஸ் – ரோஸ் – ரிஸன். ரெய்ஸ் – ரெய்ஸ்ட் – ரெய்ஸ்ட். தானாக நடப்பது கோணல்மாணலாக மாறும், ஆள் செய்வது ஒழுங்காக 'ட்' போட்டுக்கொள்ளும். இன்னொன்று, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு 'ரைஸ்' போடாதீர்கள், செய்யுள் வாசனை அடிக்கும். 'கெட் அப்' போதும். சூரியன் எழட்டும் ரைஸ் பண்ணி.

ஆங்கிலத்தின் மூதாதை மொழிகளிலும் நம்மைப் போலத் தன்வினையிலிருந்து பிறவினை செய்யும் வழக்கம் இருந்தது. நாம் உருள் – உருட்டு, திருந்து – திருத்து என்று மெய்யை மாற்றுகிறோம். அவர்கள் உயிரை மாற்றினார்கள். இன்று அதில் சில இணைகள்தான் மிச்சம். ரைஸ் – ரெய்ஸ் ஒன்று. சிட் – செட் ஒன்று. ஃபால் – ஃபெல் ஒன்று: மரம் விழுந்தது, மரத்தை வீழ்த்தினான். எல்லோரையும் படுத்தி எடுக்கும் லை – லே ஒன்று.

லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து, இடு. கோழி முட்டை 'இடுகிறது' என்கிறோம் இல்லையா, அது லே. அடிக்கல் இடுவது லே. குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது லே. நாய் வாசலில் கிடந்தால் லை. இதுவரை சுலபம். வம்பு எங்கே என்றால், லையின் இறந்தகாலம் 'லே'. நேற்று நாய் வாசலில் கிடந்தது என்பதற்கு 'தி டாக் லே'. லேயின் இறந்தகாலம் 'லெய்ட்'. போதாக்குறைக்குப் பொய் சொல்வதற்கும் லை. அது மட்டும் 'லைட்' என்று சாதுவாக மாறும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இங்கே தினமும் இடறுகிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்தில் மட்டும் சரியாகப் போடுங்கள். பேச்சில் சந்தேகம் வந்தால் 'புட்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

இந்த ஐ விதியைச் சொன்னதும் அக்கா மகள் கேட்டாள்: "அப்போ உடைந்தது, உடைத்தேன் ரெண்டுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கா மாமா?" கிடையாது. பிரேக், ஸ்டாப், ஓபன், பாயில், சேஞ்ச், மூவ் இவற்றிலெல்லாம் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கண்ணாடி உடைந்தது, நான் கண்ணாடியை உடைத்தேன், இரண்டிலும் 'பிரோக்'. சொல் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் யார் செய்தது என்று தெரியும். இது ஆங்கிலம் நமக்குச் செய்திருக்கும் உபகாரம். பிரித்துப் பார்க்க வேண்டியது நான் மேலே சொன்ன கொஞ்சம்தான்.

இதே வகையில் இன்னும் இரண்டு இணைகள், சட்டென்று சொல்லிவிடுகிறேன். நினைவில் வைத்திருப்பது ரிமெம்பர், நினைவூட்டுவது ரிமைண்ட். "பணம் கட்டணும், எனக்கு ரிமெம்பர் பண்ணு" என்று சொன்னால் உங்களை மனசில் வைத்துப் பூசிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கற்பது லேர்ன், கற்பிப்பது டீச். தமிழில் தெளிவாக இருப்பதை ஆங்கிலத்தில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

தொல்காப்பியர் சொன்ன பிரிங், டேக்

பிரிங், டேக் இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பல வருடம் கழித்தவன் நான். கொண்டு வா, கொண்டு போ என்று தமிழ் தெரிந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் ஃபோனில் பேசும்போது வருகிறது. பினாங்கிலிருக்கும் நண்பரிடம் பேசுகிறேன். நாளை அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போக வேண்டும். நான் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் பொருள் போகிறது. அப்படியென்றால் டேக்கா?

தமிழாசிரியையான என் அண்ணி இதைக் கேட்டுச் சிரித்தார். தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலைப் போய்ப் பார் என்றார். செல், வா, தா, கொடு என்ற நான்கு சொற்களை அங்கே தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும். செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். நானும் நீயும் ஒரு கரை, மற்ற எல்லோரும் மறு கரை.

பிரிங்கும் டேக்கும் அப்படியே இதுதான். பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கோ கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கோ பொருள் வந்தால் பிரிங். மூன்றாவது இடத்துக்குப் போனால் டேக். நண்பரிடம் ஃபோனில், "நாளைக்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்" என்றுதான் நாம் தமிழில் சொல்வோம். கொண்டு போகிறேன் என்று சொல்ல மாட்டோம். அதனால் 'ஐ வில் பிரிங் இட்'. அதே பலகாரத்தைக் கோயிலுக்குக் கொண்டு போவதை மனைவியிடம் சொன்னால், அவர் கோயிலுக்கு வரவில்லை என்றால், டேக். அவரும் அங்கேதான் இருக்கப்போகிறார் என்றால் மறுபடி பிரிங். கம், கோ இரண்டுக்கும் இதே கணக்கு. யாராவது வாசலிலிருந்து கூப்பிட்டால் 'ஐ அம் கமிங்' என்பதும் இதனால்தான். போகிறவர் நாமாக இருந்தாலும் முன்னிலையை நோக்கித்தானே போகிறோம்.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். விடைபெறும்போது நாம் 'போய்ட்டு வர்றேன்' என்போம். போகிறேன் என்று மட்டும் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும். அதை அப்படியே எடுத்து, 'ஐ கோ அண்ட் கம்' என்று ஃபேக்டரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இரவு ஏழு மணி வரை எனக்காகக் காத்திருந்தார் என்று மறுநாள் தெரிந்தது. 'ஐ அம் லீவிங்' அல்லது 'ஸீ யூ டுமாரோ' போதும். அபசகுனம் ஒன்றும் இல்லை.

இதோடு ஃபெட்ச் ஒன்று இருக்கிறது. போய் எடுத்து வா, போய் அழைத்து வா. இரட்டைப் பயணம், திரும்பி வந்தால்தான் ஃபெட்ச். பிள்ளையைப் பள்ளியில் கொண்டு போய் விடுவதற்கும் நம் ஊரில் ஃபெட்ச் என்கிறார்கள். அது டேக். பள்ளி விட்டதும் போய் அழைத்து வருவதுதான் ஃபெட்ச். பிக் அப் என்றாலும் சரி.

மலாய் வழியாக நுழையும் பிழைகள்

1970 தொடங்கி இங்கே ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. என் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப் பள்ளிக்குத் தயார்செய்யும் ரிமூவ் கிளாஸில் ஒரு வருடம் மலாயில் தலையை நனைத்து, பிறகுதான் மேலே போனோம். ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. அதனால் நமக்குத் தமிழில் இல்லாத குழப்பம்கூட மலாய் வழியாக ஆங்கிலத்தில் இறங்கிவிட்டிருக்கிறது. மலாய் மேல் குறை சொல்லவில்லை. அதன் சொற்களுக்கு அதன் எல்லை.

'போரோ மீ யுவர் பென்' இதில் தலையாயது. மலாயில் 'பிஞ்ஜாம்' என்பது இரவல் வாங்குவது. 'கான்' ஒட்டுச் சேர்த்து 'பிஞ்ஜாம்கான்' என்றால் இரவல் கொடுப்பது. பேச்சில் அந்த ஒட்டு கழன்று விழுந்துவிடும், இரண்டுக்கும் பிஞ்ஜாம் என்றே ஓடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் போரோ. தமிழுக்குத் திரும்புங்கள். இரவல் வாங்கு, இரவல் கொடு. கடன் வாங்கு, கடன் கொடு. வாங்குவது போரோ, கொடுப்பது லெண்ட். வங்கி லெண்ட் பண்ணும், நாம் போரோ பண்ணி முப்பது வருடம் கட்டுவோம். வாக்கியத்தில் ஒரு சின்ன உபாயம்: 'கேன் ஐ' என்று தொடங்கினால் போரோ, 'கேன் யூ' என்று தொடங்கினால் லெண்ட் மீ. போரோவுக்குப் பக்கத்தில் 'மீ' வந்து உட்கார்ந்தாலே பிழை.

அடுத்தது செண்ட். மலாயில் 'ஹந்தார்' என்றால் பார்சல் அனுப்புவதும் அதுதான், ஆளைக் கொண்டு போய் விடுவதும் அதுதான். "அப்பா செண்ட் பண்ணுவார்" என்று பிள்ளைகள் சொல்வது இங்கிருந்து வருகிறது. தமிழில் அனுப்புவது வேறு, கொண்டு போய் விடுவது வேறு. செண்ட் என்றால் நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள். பொருளோ ஆளோ மட்டும் போகிறது. காரில் உட்கார வைத்து நீங்களும் போனால் டேக், அல்லது டிரைவ். வழியில் இறக்கிவிட்டுப் போனால் டிராப். விமான நிலையத்துக்கு 'ஐ வில் செண்ட் யூ' என்று வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், டாக்சி பிடித்து அனுப்பி வைப்பீர்கள் என்று அவர் நினைக்க இடமுண்டு.

ஃபாலோ இன்னும் வேடிக்கை. 'ஈக்குட்' என்ற சொல்லுக்குக் கூட வருவது, பின்னால் வருவது இரண்டும் பொருள். எதிர்வீட்டுப் பெண் தன் நோட்டில் எழுதியிருந்தார்: நேற்று நான் ஓர் அண்ணனை மார்க்கெட் வரைக்கும் ஃபாலோ பண்ணினேன் என்று. படித்தால் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. சொந்த அண்ணன், அவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். 'ஐ வெண்ட் வித் மை பிரதர்' என்று திருத்தினேன். பின்தொடர்ந்தால்தான் ஃபாலோ.

விளக்கு, காற்றாடி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலாயில் 'புக்கா லம்பு' என்று விளக்கைத் திறப்பார்கள், சீனர்களும் திறப்பார்கள். நாம் விளக்கைப் போடுகிறோம், அணைக்கிறோம்; கதவைத்தான் திறக்கிறோம், சாத்துகிறோம். ஆங்கிலத்திலும் மூடி, கதவு, கண், வாய், கடை இவற்றுக்குத்தான் ஓபன், க்ளோஸ். மின்சாரத்தில் ஓடுவதற்கு ஸ்விட்ச் ஆன், ஸ்விட்ச் ஆஃப், அல்லது டர்ன். தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் தமிழைக் கேட்காதீர்கள், நாம் குழாயைத் திறக்கிறோம், அவர்கள் டர்ன் ஆன் பண்ணுகிறார்கள். இன்னொரு பிழை 'ஆஃப் தி ஃபேன்'. தமிழ் பேசும்போது 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று பண்ணுவை மறக்காமல் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் பேசும்போது அந்தப் 'பண்ணு' எங்கே போனது? அதுதான் ஸ்விட்ச்.

கோப்பிக் கடையில் 'ஆஃப் தி ஃபேன் லா' என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நானும் சொல்கிறேன். கடைக்காரரும் அணைத்துவிடுவார். நேர்முகத் தேர்விலும் லாக் புத்தகத்திலும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

தமிழே ஏமாற்றும் இடங்கள்

இதுவரை தமிழ் நம் பக்கம் இருந்தது. சில இடங்களில் தமிழ்ச் சொல் ஒற்றை ஆளாக நின்று மூன்று பேர் வேலையைப் பார்க்கும். அங்கே தமிழைக் கேட்டால் 'எல்லாம் நான்தான்' என்று சொல்லிவிடும்.

'கேள்' அப்படி. பாட்டைக் கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, கேள்வி கேட்கிறோம், பணம் கேட்கிறோம். லோரி தம்பி ஒரு நாள் எழுதியிருந்தார், 'ஐ அம் ஹியரிங் சாங்ஸ் இன் தி லோரி' என்று. பாட்டு அவரைத் தேடி வந்து காதில் விழுந்த மாதிரி. வகுப்பில் நான் சொல்லும் வழி இது: காதில் விழுந்தால் ஹியர். காதைக் கொடுத்தால் லிசன். வாயைத் திறந்தால் ஆஸ்க். ஒரு பொருள் வேண்டுமென்று வாயைத் திறந்தால் ஆஸ்க் ஃபார். எதைக் கேட்கிறோம் என்று சொன்னால் லிசனுக்குப் பின்னால் 'டு' கட்டாயம், ஹியருக்கு வேண்டாம். ஃபோனில் 'கேன் யூ ஹியர் மீ' என்றால் லைன் சரியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறீர்கள். 'ஆர் யூ லிசனிங்' என்றால் எதிராளி கவனம் வேறெங்கோ போய்விட்டது என்று கோபப்படுகிறீர்கள். அம்மாமார்கள் பிள்ளைகளிடம் சொல்லும் 'நான் சொல்றது கேட்குதா?' இரண்டாவது வகை.

'பார்' இதற்கு அண்ணன். கண்ணில் பட்டால் ஸீ. கண்ணைத் திருப்பினால் லுக், பின்னால் 'அட்'. கண்ணை எடுக்காமல் இருந்தால் வாட்ச். பந்தாட்டம், டிவி, அடுப்பில் பொங்கும் பால் இவையெல்லாம் வாட்ச். சினிமா தியேட்டரில் பார்த்தால் ஸீ என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டாக்டரைப் பார்ப்பதும் ஸீதான். 'லுக் அட்' போட்டால் நோயாளி டாக்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தையைப் பார்த்துக்கொள்வது லுக் ஆஃப்டர், சாவியைத் தேடிப் பார்ப்பது லுக் ஃபார். சமைத்துப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன் என்கிறோமே, அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை, அது டிரை. எதிர்வீட்டுப் பெண் 'ஐ குக் அண்ட் ஸீ' என்று எழுதியதை நான் திருத்த மனமில்லாமல் திருத்தினேன். அழகாகத்தான் இருந்தது.

'வை' பற்றி ஒரு வார்த்தை. மேசை மேல் வை என்பதற்கு 'கீப் இட் ஆன் தி டேபிள்' என்று சொல்கிறோம். வைப்பது புட், வைத்துக்கொள்வது கீப். அந்தக் 'கொள்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கீப் தி சேஞ்ச். தட்டுகளைக் கழுவி அலமாரியில் எடுத்து வைப்பது புட் அவே.

உடுப்பு, செருப்பு விஷயத்தில் கொள் நமக்கு உதவாது. 'ஷூ போட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றால் இன்னும் கயிறு கட்டி முடியவில்லை. அது புட்டிங் ஆன். 'ஷூ போட்டிருக்கிறேன்' என்றால் காலில் ஏறிவிட்டது; அது வேரிங். வாசலில் நண்பன் காத்திருக்க, உள்ளே குனிந்து கயிறு கட்டிக்கொண்டே 'வெயிட், ஐ அம் வேரிங் மை ஷூஸ்' என்று கத்தினால், போட்டாகிவிட்டதே பின் ஏன் இன்னும் வரவில்லை என்று அவன் நினைப்பான்.

'ஜெயி' எங்கள் தாமான் பூப்பந்துக் குழுவுக்குத் தலைவலி. அவனை ஜெயிச்சேன் என்று தமிழில் சரியாக வருகிறது. ஆங்கிலத்தில் 'ஐ வன் ஹிம்' என்றால் அவன் ஏதோ குலுக்கலில் விழுந்த பரிசு. ஆட்டத்தை, கோப்பையை, பரிசை ஜெயித்தால் வின். ஆளைத் தோற்கடித்தால் பீட். திருட்டிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது: திருடின பொருளைச் சொன்னால் ஸ்டீல், பறிகொடுத்த ஆளையோ கடையையோ சொன்னால் ராப். என் மோட்டார் ஸ்டோலன், நான் ராப்ட். என்னையே 'ஸ்டோலன்' என்று சொன்னால் ஆளே கடத்தப்பட்ட கதையாகும்.

சொல்வதில் வரும் பிழை வேறு மாதிரி. ஸே, டெல் இரண்டும் சொல்வதுதான். டெல்லுக்கு ஆள் வேண்டும், ஸேவுக்குச் சொன்ன சொல் போதும். 'ஹீ டோல்ட் மீ', 'ஹீ செட் தட்'. 'என்னிடம்' என்பதில் இருக்கும் 'இடம்' நமக்குள் உறுத்திக்கொண்டே இருப்பதால் 'டோல்ட் டு மீ' என்று எழுதிவிடுகிறோம். டெல்லுக்கு அடுத்தே ஆள் வந்தால் நடுவில் 'டு' வராது. ஸேயில் ஆளைச் சொன்னால் 'டு' வரும். 'செட் மீ' என்று வரவே வராது. கதை, பொய், உண்மை மூன்றுக்கும் ஆள் இல்லாமலும் டெல் போடலாம். எக்ஸ்ப்ளெய்ன், ரிப்ளை இரண்டும் ஸேயின் கட்சி: 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ', 'ரிப்ளை டு மீ'. 'ப்ளீஸ் ரிப்ளை மீ' என்று மின்னஞ்சல் எழுதுகிறவர்களை எண்ணி மாளாது, அதில் மேனேஜர்களும் உண்டு.

டூ, மேக் பற்றிக் கேட்பீர்கள். இரண்டும் 'செய்'. புதிதாக ஒன்று உண்டானால் மேக் என்று ஒரு விதி சொல்வார்கள். கேக், சத்தம், தவறு, முடிவு, நண்பர்கள் எல்லாம் மேக். வேலை, வீட்டுப்பாடம், உடற்பயிற்சி டூ. பாதி தூரம்தான் இந்த விதி கூட வரும். படுக்கையை மடித்துச் சரிசெய்வது ஏன் மேக் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

ஸ்டே, லிவ் ஒரு வரியில்: தங்குவது ஸ்டே, குடியிருப்பது லிவ். வேர் டு யூ ஸ்டே என்று நம் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், ஸ்காட்லாந்துக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்களாம். படிவத்திலும் நேர்முகத் தேர்விலும் லிவ் என்றே சொல்லுங்கள்.

நோட்டை எப்படி எழுதுவது

ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம். மணி போட்டு எழுதுங்கள், அப்போதுதான் கதை அளக்க மாட்டீர்கள். எல்லாம் இறந்தகாலத்தில். முதலில் இடப்பக்கம் தமிழில் எழுதி, அதில் வினைச்சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பிறகு வலப்பக்கம் ஆங்கிலம். அடிக்கோடு போட்ட சொல்லை வைத்துத்தான் விசாரணை: தானாக நடந்ததா, யாராவது செய்ததா? பொருள் எந்தக் கரைக்குப் போகிறது? இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு வேறு எத்தனை வேலை இருக்கிறது?

அக்கா மகளின் ஒரு நாள் பக்கம் இது. 6.20: பால் பொங்கியது. 6.21: அம்மா கத்தியது காதில் விழுந்தது. 6.30: பசியாறினோம். 6.50: அப்பா என்னைப் பள்ளியில் கொண்டு போய் விட்டார். 2.15: தோழியிடம் கால்குலேட்டர் இரவல் வாங்கினேன். வலப்பக்கத்தில் பாயில்ட் ஓவர், ஹெர்ட், ஹேட் பிரேக்ஃபாஸ்ட், டுக், போரோட் ஃப்ரம் என்று எழுதியிருந்தாள். டுக் என்ற இடத்தில் முதலில் 'செண்ட்' எழுதி அடித்த தடம் இருந்தது. அடித்ததை ரப்பர் போட்டு அழிக்க விடமாட்டேன். ஃபேக்டரியிலும் அப்படித்தான், ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து. எங்கே தடுமாறினோம் என்று ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் தெரியும். பெரும்பாலும் ஆளுக்கு நாலைந்து சொல்தான் திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் பார்த்தால் போதும்.

போன புதன்கிழமை லோரி தம்பி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். "அங்கிள், கேன் யூ லெண்ட் மீ 50 வெள்ளி? ஐ வில் பிரிங் இட் டு யூ ஆன் சாட்டர்டே." இரண்டு முறை படித்தேன். லெண்டும் சரி, 'மீ' இருக்கிற இடமும் சரி, பிரிங்கும் சரி. கொடுத்தேன். சனிக்கிழமை வரட்டும், பார்ப்போம்.